கரையில் கிடப்பது பாதிக் கதைதான்: ராமநாதபுரம் கடலில் பிளாஸ்டிக், எது உண்மை, எது கட்டுக்கதை

2025 மே 25ஆம் தேதி எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் கேரளக் கடலில் மூழ்கியது. அதில் 640 கண்டெய்னர்கள் இருந்தன. அடுத்த சில நாட்களில் வெள்ளை வெள்ளையாகச் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் மணிகள் கேரளக் கரையிலும் கன்னியாகுமரிக் கரையிலும் ஒதுங்க ஆரம்பித்தன. அப்போதிலிருந்து கடல், மீன், பிளாஸ்டிக் என்று எதைப் பேசினாலும் கூடவே நாலு எச்சரிக்கைகள் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகின்றன. மீன் சாப்பிட்டால் வாரம் ஒரு ஏடிஎம் கார்டு அளவு பிளாஸ்டிக் வயிற்றுக்குள் போகிறது, பசிபிக்கில் குப்பைத் தீவு ஒன்று மிதக்கிறது, பாட்டில் மக்க 450 வருஷம் ஆகும், 2050இல் கடலில் மீனை விடப் பிளாஸ்டிக்தான் அதிகம் இருக்கும். இதில் சில உண்மை, சில உண்மையை இழுத்து நீட்டியது, சில அடிப்படையே இல்லாதது.

இதைப் பிரித்துப் பார்ப்பது ஏன் முக்கியம் என்றால், தப்பான தகவல் நம் கண்ணைத் தப்பான இடத்துக்குத் திருப்பிவிடுகிறது. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நீளும் இந்தக் கரையைப் பொறுத்தவரை பிளாஸ்டிக்கால் வரும் பெரிய ஆபத்து மணலில் கிடக்கும் கவரில் இல்லை, தண்ணீருக்கு அடியில், பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், சிக்கிக் கிடக்கும் வலையில் இருக்கிறது என்பது என் கருத்து. அதை அடிப்படையிலிருந்து சொல்கிறேன்.

முதலில்: பிளாஸ்டிக் என்பது ஒரே பொருள் இல்லை

கடல்நீரின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.025 கிராம். இதை விட லேசான பிளாஸ்டிக் மிதக்கும், கனமானது மூழ்கும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

1. மிதப்பவை: கேரி பேக், பால் கவர், இழுவை மடி (விசைப்படகு இழுத்துப் போகும் வலை) பின்னும் பாலித்தீன் நூல், பாட்டில் மூடி, பிளாஸ்டிக் கயிறு. இவையெல்லாம் பாலித்தீன் அல்லது பாலிபுரொப்பிலீன். அடர்த்தி 0.90 முதல் 0.97 வரை.

2. மூழ்குபவை: தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (1.38), நைலான் (1.14), பிவிசி குழாய், பாலியஸ்டர் துணி. ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் குளித்துவிட்டுப் பக்தர்கள் கடலிலேயே விட்டுவிட்டுப் போகும் துணிகளில் பாலியஸ்டர் கலந்தவை எல்லாமே இந்தக் கணக்கில் வரும். துணிதானே என்று நினைக்கிறோம், அதுவும் பிளாஸ்டிக்தான்.

3. தெர்மாகோல் தனி ரகம். பாலிஸ்டைரீனுக்குள் காற்றை அடைத்தது, அதனால் தண்ணீரின் மேலேயே நிற்கும், நீரோட்டத்தை விடக் காற்றுக்குத்தான் அதிகம் கட்டுப்படும். மீன் பெட்டியாகவும் மிதவையாகவும் வந்து உடைந்து, உருண்டை உருண்டையாகக் கரையில் சிதறும் பொருட்களில் இது முதலில் நிற்கும். பொறுக்குவதற்கு இதை விடக் கஷ்டமான குப்பை கிடையாது, கை வைத்தாலே இன்னும் பத்தாக உடையும்.

தனுஷ்கோடி மணலில் குனிந்து பார்த்தால் இது கண்ணெதிரே தெரியும். பாட்டில் மூடிகள் நிறையக் கிடக்கும், ஆனால் அந்த அளவுக்குப் பாட்டில் கிடக்காது. கிடக்கும் பாட்டிலும் பெரும்பாலும் மூடி போட்டு உள்ளே காற்று நின்றதாகத்தான் இருக்கும். மூடி திறந்த பாட்டில் தண்ணீர் குடித்து அடிக்குப் போய்விடுகிறது, மூடி மட்டும் மிதந்து கரைக்கு வருகிறது. மிதப்பதுகூடக் கடைசி வரை மிதந்துகொண்டே இருக்காது. பாசி படியும், கொட்டலசு என்ற ஓட்டு உயிர் ஒட்டும், கனம் கூடி ஒரு நாள் அதுவும் இறங்கும். ஆக, கரையை வைத்துக் கடலை அளந்தால் மிதக்கும் ரகங்கள் மட்டும்தான் கணக்கில் வரும், மூழ்கியவை மொத்தமாக விடுபட்டுப் போகும்.

இன்னொரு சொல்லையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த துண்டுகளை நுண்பிளாஸ்டிக் என்கிறார்கள். பெரியது உடைந்து சிறியதாவது ஒரு வகை. தொழிற்சாலைக்குப் போகும் மூலப்பொருளே சின்ன மணியாக இருப்பது இன்னொரு வகை. எல்சா கப்பலிலிருந்து வந்தது அந்த இரண்டாவது வகை, பெயர் நர்டில். 2021இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கியபோது சுமார் 1,680 டன் நர்டில் கடலில் கலந்தது. மன்னார் வளைகுடாவின் மறுகரையில் இருக்கும் நாட்டுக்கு அது வந்த பிறகும் நாம் அதை அடுத்த வீட்டுச் செய்தியாகத்தான் பார்த்தோம்.

"மக்க 450 வருஷம் ஆகும்"

பிளாஸ்டிக் பெரிய அளவில் உற்பத்தியாக ஆரம்பித்ததே 1950 வாக்கில்தான். 450 வருஷம் இருந்து பார்த்தவர் யாரும் இல்லை. பாட்டிலுக்கு 450, கவருக்கு 20, தூண்டில் நரம்புக்கு 600 என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருக்கும் எண்கள் எல்லாம் மதிப்பீடுகள். அவற்றில் பலவற்றுக்கு அடியில் உறுதியான அளவீடு இல்லை என்று 2020இல் அமெரிக்கக் கடலாய்வாளர்கள் ஒரு ஆய்வுக் கட்டுரையிலேயே சுட்டிக்காட்டினார்கள்.

நடப்பது இதுதான். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை அறுக்கிறது. மேல்பரப்பு வெளுத்து, நொறுங்கி, உதிர்கிறது. ஏர்வாடி மணலில் சித்திரை வெயிலில் கிடக்கும் கவர் ஒரு சில மாதங்களிலேயே கையில் எடுத்தால் பொடியும். அதே கவர் இருட்டான கடலடியில் சேற்றுக்குள் கிடந்தால் வெயிலும் இல்லை, சூடும் குறைவு, அப்படியே கிடக்கும். எனவே "எத்தனை வருஷம்" என்பதற்கு ஒரே பதில் கிடையாது, எந்த ரகம், எங்கே கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. அப்புறம், பொடிவது வேறு, மக்குவது வேறு. பொடிந்த கவர் காணாமல் போகவில்லை, எண்ண முடியாத துண்டுகளாகி மணலோடு கலந்துவிட்டது. அதனால்தான் வெயிலில் வெளுக்கும் முன்பே கரையிலிருந்து எடுத்துவிட வேண்டும், பிறகு எடுக்கவே முடியாது.

"பசிபிக்கில் குப்பைத் தீவு"

தீவு இல்லை. அதன் மேல் நடக்க முடியாது, வானத்திலிருந்து படம் எடுத்தால் திட்டாகத் தெரியாது. நீரோட்டம் சுழலும் பகுதியில், சுமார் 16 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் சிதறலாக மிதக்கும் துண்டுகள், அவ்வளவுதான். 2018இல் வெளிவந்த ஆய்வின்படி அங்கே மிதப்பது ஏறத்தாழ 79,000 டன். கவனிக்க வேண்டியது அடுத்த எண்: எடையில் 46 சதவீதம் மீன்பிடி வலை. பையும் ஸ்ட்ராவும் விளம்பரத்தில் வருகின்றன, எடையில் முன்னால் நிற்பது வலை.

2050இல் மீனை விடப் பிளாஸ்டிக் என்ற கணக்கு 2016இல் ஒரு தொண்டு நிறுவன அறிக்கையில் வந்தது. கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது என்பதே பெரிய மதிப்பீடு, பிளாஸ்டிக்கின் வருங்கால அளவு அதை விடப் பெரிய மதிப்பீடு. இரண்டையும் எடை போட்டு ஒப்பிடுவதால் நமக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது? அதை விட்டுவிடலாம்.

"எல்லாம் வெளியிலிருந்து வருகிறது"

தனுஷ்கோடியில் சிங்கள எழுத்துள்ள பாட்டில் ஒதுங்கினால் உடனே இந்தப் பேச்சு வரும். தலைமன்னார் அங்கிருந்து 30 கிலோமீட்டர்தான், ஒதுங்குவதில் வியப்பில்லை. ஆனால் லேபிள் சொல்வது எங்கே விற்றார்கள் என்பதை, எங்கே எறிந்தார்கள் என்பதை இல்லை. கப்பலிலிருந்தும் எறியலாம். நம் கவர் அங்கே ஒதுங்கும்போது அவர்களும் இதையே சொல்வார்கள். வாடைக் காலத்தில் வடகடலான பாக் நீரிணையிலிருந்து தென்கடலான மன்னார் வளைகுடாப் பக்கம் நீர் ஓடுகிறது, கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது திசை மாறுகிறது. வடகடலில் போட்டது ஆறு மாதத்தில் தென்கடலில் ஒதுங்கலாம், திரும்பியும் வரலாம். காற்று மாறும் கடலில் "இது உன் குப்பை, அது என் குப்பை" என்று கோடு போட முடியாது.

உலக அளவில் சொல்லும் இன்னொரு கணக்கும் இங்கே பொருந்தாது. கடலுக்கு வரும் பிளாஸ்டிக்கில் பெரும்பங்கு ஆறுகள் வழியாக வருகிறது என்பார்கள். 2021இல் வந்த ஆய்வு, ஆயிரத்துக்குச் சற்றே அதிகமான ஆறுகள் ஆற்றுவழி வருவதில் 80 சதவீதத்தைக் கொண்டுவருகின்றன என்றது. நம் வைகையோ ஆண்டின் பெரும்பகுதி ராமநாதபுரம் பெரிய கண்மாயைத் தாண்டுவதே இல்லை, வெள்ளம் வந்தால்தான் ஆற்றங்கரை வழியாகக் கடலைத் தொடும். அப்படியானால் இந்தக் கரைக்குக் குப்பை எப்படி வருகிறது?

1. கடலோர ஊர்களின் குப்பைமேடுகளிலிருந்து காற்று தூக்கிப் போடுவது. இங்கே அடிக்கும் காற்றுக்கு ஒரு கவரைத் தூக்கப் பெரிய முயற்சி தேவையில்லை.

2. ஐப்பசி மழையின் முதல் வெள்ளம் ஓடைகளையும் சாக்கடைக் கால்வாய்களையும் ஒட்டுமொத்தமாகக் கழுவிக் கடலில் தள்ளுவது.

3. சுற்றுலாவும் யாத்திரையும். 2017இல் அரிச்சல்முனை வரை சாலை போட்ட பிறகு நிலத்தின் கடைசி நுனி வரை வண்டி போகிறது, வண்டியோடு தண்ணீர் பாட்டிலும் போகிறது.

4. படகுகள். ஐஸ் மூட்டை, டீ கப், தெர்மாகோல், கயிற்றுத் துண்டு, கடைசியாக வலை.

வலை: அதிகம் பேசப்படாதது

நைலான் வருவதற்கு முன் பருத்தி நூல் வலை இருந்தது. கடலில் தொலைந்தால் நாளாக ஆக இற்றுப் போகும். இன்று நண்டு வலையும் மீன் வலையும் நைலானும் தங்கூசி என்ற ஒற்றை இழை நரம்பும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நரம்பு, அதனால்தான் மீன் படுகிறது, அதனால்தான் தொலைந்த பிறகும் ஆபத்து. நைலான் கடல்நீரை விடக் கனம், போதாததற்குக் கீழே ஈயக்குண்டு. அறுந்த வலை நேராக அடிக்குப் போகிறது. மேலே மிதவை இருந்தால் சுவர் மாதிரி நிற்கும். மீன் மாட்டும், செத்த மீனைத் தின்ன நண்டு வரும், அதுவும் மாட்டும், அதைத் தின்ன இன்னொன்று வரும். பாசியும் சேறும் ஏறிக் கனத்தால் சரிந்து படுக்கும் வரை இது நடந்துகொண்டே இருக்கும். ஆள் இல்லாமல் மீன் பிடிப்பதால் இதைப் பேய்வலை என்கிறார்கள்.

இழுவை மடி வேறு மாதிரி. அது பாலித்தீன், துண்டாக அறுந்தால் மிதக்கும், மைல் கணக்கில் போகும், ஆமையின் கழுத்தில் மாட்டும். கடல் ஆமை, கடற்பறவை, கடல் பாலூட்டி ஆகியவற்றுக்கு எந்தக் குப்பை மிக ஆபத்தானது என்று கடல் உயிரின வல்லுநர்களிடம் கேட்டுத் தொகுத்த 2016ஆம் ஆண்டு ஆய்வில் முதலிடம் பிடித்தது மீன்பிடிச் சாதனங்கள். நம் பக்கம் கடற்புல் மேயும் பச்சை ஆமையும் ஆவுளியா என்ற கடற்பசுவும் இருக்கின்றன. இரண்டும் மூச்சு விட மேலே வந்தாக வேண்டிய உயிர்கள். வலையில் மாட்டினால் மூச்சு முட்டித்தான் சாகின்றன.

இங்கே ஒரு கட்டுக்கதையை அழுத்தமாக மறுக்க வேண்டும்: "மீனவர்கள் வலையைப் பொறுப்பில்லாமல் கடலில் எறிகிறார்கள்." நல்ல வலையை யாரும் எறிவதில்லை, அது அவர்களின் முதலீடு, பல வீடுகளில் கடன். கிழிந்ததைப் பொத்துகிறார்கள், பொத்த முடியாததைத் தோட்டத்துக்கு வேலியாகவும் கோழிக்கூண்டுக்கு மூடியாகவும் கட்டுகிறார்கள். வலை தொலைவதற்குக் காரணங்கள் வேறு:

1. பாரில் மாட்டுவது. இழுத்தால் கிழியும், விட்டால் போகும்.

2. விசைப்படகின் மடி, நாட்டுப்படகு விரித்த வலையை அறுத்துக்கொண்டு போவது. இந்தக் கரையின் பழைய, ஆறாத சண்டை இது.

3. புயலும் திடீர்க் காற்றும்.

4. எல்லைப் பகுதியில் விரட்டப்படும்போது வலையை வெட்டிவிட்டுத் திரும்புவது. ராமேஸ்வரம் மீனவர்கள் சொல்லி அடிக்கடி செய்தியில் வருவதுதான்.

5. பொத்தும்போது வெட்டி எறியும் துண்டுகள். எண்ணிக்கையில் இதுதான் கரையோரம் அதிகம் கண்ணில் படுவது, சுலபமாகத் தடுக்கக் கூடியதும் இதுதான்.

உலகில் ஆண்டுக்கு 6,40,000 டன் வலை தொலைகிறது என்ற எண் எல்லாக் கட்டுரையிலும் வருகிறது. அது 2009இல் வந்த ஐ.நா. அறிக்கையிலிருந்து எடுத்து, நேரடி அளவீடு போலச் சொல்லப்படுகிறது. உண்மையில் அது கடல் குப்பையின் மொத்த அளவில் பத்தில் ஒரு பங்கு என்று தோராயமாகப் போட்ட கணக்கு. 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், உலகில் பயன்படும் வலைகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5.7 சதவீதம் தொலைகிறது என்று மதிப்பிட்டார்கள். அதுவும் மதிப்பீடுதான், ஆனால் எப்படிப் போட்டது என்று தெரிகிற மதிப்பீடு.

இனிப் பவளம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சுற்றிப் பவளப்பார்கள் உண்டு, 1986 முதல் அது கடல்சார் தேசியப் பூங்கா. பிளாஸ்டிக் பட்ட பவளத்துக்கு நோய் வரும் வாய்ப்பு 4 சதவீதத்திலிருந்து 89 சதவீதமாக ஏறுகிறது என்று 2018இல் ஆசிய பசிபிக் பகுதியின் 159 பார்களைப் பார்த்த ஆய்வு சொன்னது. உராய்ந்த இடத்தில் காயம், மூடிய இடத்தில் வெளிச்சமும் ஆக்சிஜனும் இல்லை, கிருமி உள்ளே போகிறது. வலை பட்டால் இதோடு அலைக்கு அலை இழுபட்டுக் கிளையும் முறிகிறது. ஆனாலும் "பிளாஸ்டிக்தான் நம் பவளத்தை அழித்தது" என்று சொன்னால் அது பொய். 2010இலும் 2016இலும் கடல் சூடேறியதால் பவளங்கள் பெருமளவில் வெளிறின. அதற்கு முன்னால் பல ஆண்டுகள் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தார்கள், 21 தீவுகளில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் தண்ணீருக்குள் போனதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. வெப்பத்தை ராமநாதபுரத்தில் உட்கார்ந்து நாம் தனியாக நிறுத்த முடியாது. வெப்பத்தில் நொந்துபோன பவளத்தின் மேல் கிடக்கும் வலையை எடுக்க முடியும்.

சரி, மீன் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். ஏடிஎம் கார்டுக் கணக்கு, அதாவது வாரம் 5 கிராம் என்பது 2019இல் பரவியது. 2021இல் வேறு ஆய்வாளர்கள் துகளின் உண்மையான அளவையும் எடையையும் வைத்துப் போட்ட கணக்கில் பெரியவர்களுக்கு வாரம் சுமார் 4.1 மைக்ரோகிராம்தான் வந்தது. பத்து லட்சம் மடங்குக்கும் மேல் வித்தியாசம். அதுவும் மீனிலிருந்து மட்டும் இல்லை, காற்று, உப்பு, தண்ணீர் எல்லாம் சேர்த்து.

மீன் விழுங்கும் துகள்களில் பெரும்பகுதி குடலில்தான் கிடக்கிறது. சீலாவோ பாறையோ விளைமீனோ, குடலை எடுத்துவிட்டுத்தான் ஆய்கிறோம். கணவாயும் அப்படித்தான். முழுசாகத் தின்னும் மீன்தான் விதிவிலக்கு: குடலோடு காயவைக்கும் நெத்திலிக் கருவாடு, சின்னச் சூடை, அப்புறம் சிப்பி வகைகள். நெத்திலியைத் தலை கிள்ளிக் குடல் எடுத்துச் சமைக்கும் பழக்கம் வீட்டில் இருந்தால் அதை விடாதீர்கள். நர்டில் மணி சமாச்சாரமும் இதே கதைதான், அது சதைக்குள் போகும் அளவில் இல்லை.

உடலுக்குள் போவதால் கெடுதலே இல்லையா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. 2024இல் இத்தாலிய மருத்துவர்கள் கழுத்து ரத்தக்குழாய் அடைப்பை எடுத்துச் சோதித்த 257 பேரில் 150 பேரிடம் பாலித்தீன் இருந்தது. அவர்களுக்கு அடுத்த சுமார் மூன்று ஆண்டுகளில் மாரடைப்பு, பக்கவாதம் அல்லது மரணம் வரும் அபாயம் மற்றவர்களை விட ஏறத்தாழ நாலரை மடங்கு இருந்தது. இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்பதுதான் இதன் பொருள், ஒன்றால்தான் மற்றொன்று வந்தது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. கவலைப்பட வேண்டிய விஷயம், ஆனால் அதற்காக மீனை விடுவதில் அர்த்தம் இல்லை, ஏனென்றால் துகள் வரும் வழிகளில் மீன் ஒன்றே ஒன்றுதான். பயத்தில் மீன் வாங்குவதை நிறுத்தினால் அடி விழுவது பாம்பனிலும் மண்டபத்திலும் அன்றாடம் கடலுக்குப் போகிறவர் வீட்டு அடுப்பில்.

"மக்கும் பை", "பேப்பர் கப்", "மறுசுழற்சி"

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் 14க்குத் தடை. நாடு முழுக்க 2022 ஜூலை 1 முதல் தனித் தடை. தடை வந்ததும் மாற்று என்ற பெயரில் வந்தவற்றில் கவனம் தேவை.

சோளத்திலிருந்து செய்யும் மக்கும் பிளாஸ்டிக் 58 டிகிரியை ஒட்டிய சூட்டில், உரம் தயாரிக்கும் ஆலையில்தான் உரிய வேகத்தில் மக்கும். நம் கடல் 30 டிகிரியை ஒட்டி இருக்கிறது. அங்கே விழுந்தால் அதுவும் இன்னொரு குப்பை, கனம் 1.24 என்பதால் மூழ்கிய குப்பை. பேப்பர் கப்பின் உள்பக்கம் பாலித்தீன் பூச்சு, அதனால்தான் டீ கசியவில்லை, அதனால்தான் தமிழ்நாட்டுத் தடைப்பட்டியலில் அதுவும் இருக்கிறது.

மறுசுழற்சியைப் பற்றி நம்பிக்கை அதிகம். 2015 வரை உலகில் உருவான பிளாஸ்டிக் குப்பையில் மறுசுழற்சி ஆனது 9 சதவீதம். காயலான் கடைக்காரர் பெட் பாட்டிலை வாங்குவார், பால் கவரை வாங்குவார். சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே போன்ற பல அடுக்குக் கவரை வாங்க மாட்டார், உப்பும் சேறும் ஏறிய வலையையும் பெரும்பாலும் வாங்க மாட்டார். விலை இல்லாதது கடலுக்குப் போகிறது அல்லது எரிக்கப்படுகிறது. எரித்தால், குறிப்பாகப் பிவிசி கலந்திருந்தால், டையாக்சின் என்ற கடும் நஞ்சு வரும்.

இதிலிருந்து என்ன செய்யலாம்

கரையைச் சுத்தம் செய்வது வீண் இல்லை. பொடிவதற்கு முன் எடுக்கிறோம் என்பதே அதன் பலன், அதுவும் ஐப்பசிக்கு முன் ஓடைகளையும் கால்வாய்களையும் சுத்தம் செய்தால் மணலில் பொறுக்கும் வேலை பாதியாகக் குறையும். ஒதுங்கிய பாசியை மட்டும் குப்பையோடு அள்ள வேண்டாம், அது கரையின் சொத்து. இயந்திரமும் வேண்டாம், தனுஷ்கோடிக்கு அருகே எம்.ஆர். சத்திரம் பக்கம் பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) முட்டையிடும் மணல் அது.

வலைக்குத் தேவையானது மூன்று. ஒவ்வொரு இறங்குதளத்திலும் கிழிந்த வலையை எடை போட்டுக் காசு கொடுத்து வாங்கும் ஓர் இடம். நைலான் உருக்கி மீண்டும் நூலாக்கக் கூடிய பொருள், வாங்க ஆள் இருந்தால் தங்கூசித் துண்டுகூட மண்ணில் கிடக்காது. இரண்டாவது, வலைக்கு அடையாளம் இடுவது. இதற்கான வழிகாட்டு நெறிகளை ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பில் 2018இலேயே ஏற்றுக்கொண்டார்கள், நம் கரையில் அதை மீனவரைத் தண்டிக்கும் கருவியாக இல்லாமல் தொலைந்த வலையைத் திருப்பிக் கொடுக்கும் வழியாகக் கொண்டுவர வேண்டும். மூன்றாவது, வலை தொலைந்ததும் இடத்தைச் சொன்னால் அபராதம் கிடையாது என்ற உறுதி. எந்தப் பாரில் மாட்டியது என்று ஜிபிஎஸ் புள்ளியோடு சொல்லக் கூடியவர் அந்தப் படகுக்காரர் ஒருவர்தான், அவர் சொன்னால் முக்குளிப்பவர்கள் அதே வாரத்தில் இறங்கி எடுத்துவிடலாம்.